கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு, அச்சாபீஸுக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்கு மேலே, நானூறு அடி உயரத்தில், பெயர் தெரியாத ஒன்று வந்து நின்றது. பதினேழு வருஷம் ஆகிறது, இன்னும் நகரவில்லை. அது வந்ததை யாரும் பார்க்கவில்லை, நின்றதைத்தான் பார்த்தார்கள். அகலம் இரண்டு கால்பந்து மைதானம் இருக்கும். கழுவிக் கவிழ்த்து வைத்த அண்டாவின் அடிபோல மங்கலாகப் பளபளத்தது. ஜன்னல் கிடையாது, விளக்கு கிடையாது, சத்தம் கிடையாது. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும், தூங்குகிற பசுவின் வயிறு மாதிரி மெல்ல ஏறி இறங்குவது தெரியும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிகண்டவர்கள் அன்றைக்கு மட்டும் நாற்பது பேர் என்று தெருமுனை மருந்துக்கடைக்காரர் சொன்னார். தைலம் அத்தனையும் தீர்ந்துபோயிருந்தது.

அது வந்து நின்றது ஒரு அதிசயம் என்றால், கீழே நடந்தது அதைவிடப் பெரிய கூத்து. அதற்கு நேர் கீழே இருந்த எண்பது வீடுகளிலும் எல்லாப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு கனம் குறைந்துபோயின. இதை முதலில் கண்டுபிடித்தவர் சிலிண்டர் போடுகிறவர். தோளில் ஒன்றோடு தெருவுக்குள் நுழைந்தவர், நாலு எட்டு வைத்ததும் நின்று, சிலிண்டரை இறக்கி, காலியோ என்று ஆட்டிப் பார்த்து, மறுபடி தூக்கி, திரும்பிப் போய் இன்னொன்றையும் எடுத்து வந்தார். மளிகைக்கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவருடையது தட்டுத் தராசு, சரக்கும் படிக்கல்லும் சேர்ந்தே இளைத்திருந்தன. பழைய பேப்பர்காரருடையதோ ஸ்பிரிங் தராசு. மூன்று கட்டு பேப்பரை மாட்டிவிட்டு முள்ளைப் பார்த்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாக, 'அம்மா, இது தப்பா காட்டுது, நீங்களே ஒரு எடை சொல்லுங்க' என்று வாய்விட்டுச் சொன்னார். பால் பொங்கினால் வழியாமல் ஒரு முழ உயரத்துக்குத் தொப்பிபோல நின்றது. பூனைகள் ஒரே தாவலில் மாடிக்குப் போயின, போன பிறகு தாங்களே கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல உட்கார்ந்திருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை அன்றைக்கு வீட்டுக்குள் பிடித்து வைக்க ஒரு தாயாலும் முடியவில்லை.

அந்த வரிசையில் முப்பத்திரண்டாவது வீட்டில் டைப்பிஸ்டும் அவள் புருஷனும் இருந்தார்கள். அவள் நகராட்சி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள். இத்தனை வருஷத்தில் ஒரு தப்புகூட விட்டதில்லை என்று அலுவலகத்தில் பெயர், அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே பாதி ஆயுள் போனது. புருஷன் சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர், ஊரில் கிரேன்காரர் என்றால்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கிரேன் கூண்டு அறுந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எலும்பெல்லாம் நொறுங்கி, திரும்ப ஒட்டவைத்தார்கள். ஒட்டியது, ஆனால் நிற்க முடியவில்லை. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'இந்தக் கால் அறுபது கிலோவைத் தாங்கும். நீங்க தொண்ணூறு' என்றார். கிரேன்காரர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு எட்டு மாதம் அரைவயிறு சாப்பிட்டார். எண்பத்திநாலுக்கு வந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று, கண் உள்ளே போயிற்று, கால் மட்டும் அப்படியே. கடைசியில் அவள்தான் தட்டை நிறையப் போட்டு வைத்து, 'கனமாவே இருங்க. எனக்கு முகம் வேணும்' என்றாள். அதன்பிறகு அவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஜன்னல் வழியாகவே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். லாரி பின்னால் எடுப்பவர்களுக்கு அவர் யோசனை ரொம்பப் பிரயோஜனம்.

அந்தப் புதன்கிழமை அலுவலகத்தில் யாரோ வந்து, 'உங்க தெரு மேல என்னமோ நிக்குதாம்' என்று சொன்னதும், அவள் பாதி அடித்த தாளை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அதுவே ஒரு அதிசயம்தான், அலுவலகத்தில் இரண்டு நாள் அதைப் பற்றித்தான் பேச்சு. தெருமுனை தாண்டியதும் செருப்பு காலைவிட்டு எழும்பியது, மூச்சிரைப்பு நின்றது, கைப்பை காற்றடைத்த பை மாதிரி ஆடியது. அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் போனால் கட்டில் காலி. சமையலறையில் ஸ்டவ் எரிகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். கிரேன்காரர் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டீயை ஆற்றிக்கொண்டு, நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு இப்படி ஓடி வர்ற? நான் ரெண்டு பேருக்குத்தான் போட்டிருக்கேன். வேற யாரையும் கூட்டிட்டு வரலையே?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமாக அவரை அவள் மேலிருந்து பார்த்துத்தான் பழக்கம். இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் இத்தனை உயரம் என்பதே மறந்துபோயிருந்தது.

"சக்கரை எங்க வெச்சிருக்க?" என்றார் அவர். "ஆறு வருஷமா ஒரு டப்பா ஒரு இடத்துல இருக்கக் கூடாதா இந்த வீட்டுல?"

அந்த வாரம் முழுக்கத் தெருவே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தது. மாடிப்படி ஏற முடியாமல் வருஷக்கணக்காக மாடியிலேயே இருந்த ஒரு தலைமையாசிரியர் ஒரே நாளில் பதினோரு தடவை ஏறி இறங்கினார், வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். மழை பெய்தபோது துளிகள் நாவல்பழம் பருமனில் ஆடி அசைந்து இறங்கின, குடை இல்லாமலே ஒதுங்கி ஒதுங்கி நடந்து வீடு சேர்ந்தவர்கள் உண்டு. கிரேன்காரர் ஞாயிறன்று சவரம் செய்துகொண்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டு, பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினார். பின்னாலேயே அவள். தெருமுனைக் குப்பைத்தொட்டியைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார். கால் மடிந்தது. குறைந்திருந்த முப்பது கிலோவும் ஒரே நொடியில் திரும்பி வந்து தோளில் உட்கார்ந்தாற்போல அப்படியே சாலையில் சரிந்தார். அவள் அக்குளில் கை கொடுத்துப் பின்பக்கமாக இழுத்தாள். குப்பைத்தொட்டிக்கு இந்தப் பக்கம் இடுப்பு வந்ததும் பாதி தேறினார், கால் வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். மண்ணைத் தட்டிக்கொண்டு, "சரி, இதுவரைக்கும்தான் போல நம்ம நாடு" என்றார். அவர் சிரித்தார். அவள் மேலே பார்த்தாள். அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் அவளுக்கு ஒரே ஒரு பயம்தான்: இது போய்விட்டால்?

திங்கட்கிழமை ராணுவம் வந்தது. அதற்கு முன்பே இரண்டு விமானங்கள் வந்து வட்டமடித்துவிட்டுப் போயிருந்தன. கண்ணுக்குத் தெரிகிறது, ராடாரில் தெரியவில்லை என்று விமானிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எது சரி, கண்ணா ராடாரா என்று கண்டுபிடிக்கத்தான் விசாரணைக் குழு. குழு என்றால் மூன்று பேர். வலது இடுப்பில் பழைய குண்டுச் சில்லோடு விந்தி விந்தி நடக்கிற ஒரு மேஜர், கருவிப் பெட்டிகளோடு ஒரு இளம் லெப்டினன்ட், அப்புறம் ஒரு தட்டச்சர். தட்டச்சருக்கு வந்த அன்றே காய்ச்சல். நகராட்சியில் தப்பே விடாத ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, டைப்பிஸ்டை மெஷினோடு தூக்கிக்கொண்டு போய் முகாமில் உட்கார வைத்தார்கள். இங்கே கேட்பது வெளியே போகாது என்று கையெழுத்தும் வாங்கினார்கள். அவள் வீடு அந்தத் தெருவில்தான் என்பதை அவளே சொன்னாள். மேஜர், "இந்த ஊர்ல எல்லாருமே அந்தத் தெருவைப் பத்தித்தான் பேசுறாங்க. உங்களுக்குன்னு தனியா என்ன?" என்று விட்டுவிட்டார்.

முகாம் போட்ட இடம் தெருக்கோடியில் இருந்த காலி துணிக் கிடங்கு. லெப்டினன்ட் ஸ்பிரிங் தராசில் ஒரு கிலோ இரும்புக் குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டே தெருவைச் சுற்றி நடந்து, முள் ஏறுகிற இடமெல்லாம் சுண்ணாம்பால் கோடு கிழித்தார். கோடு கிடங்கின் நட்டநடுவே ஓடியது. 'விசாரிக்கிறவர் விசாரிக்கப்படும் பொருளின் கீழே உட்காரக் கூடாது' என்று விதி இருப்பதால், மேஜர் மேஜையைக் கனமான பக்கத்தில் போட்டுக்கொண்டார். சாட்சி நாற்காலியும் டைப்பிஸ்டின் மேஜையும் இலேசான பக்கத்தில். அங்கே விரலை வைத்தாலே எழுத்து விழுந்தது, நாள் முழுக்க அடித்தாலும் முதுகு வலிக்கவில்லை. லெப்டினன்ட் எதையாவது அளக்கிற சாக்கில் மணிக்கு நாலு தடவை கோட்டைத் தாண்டி வந்து ஒரு குதி குதித்துவிட்டுப் போவார். மேஜர் ஒருநாளும் தாண்டவில்லை.

வேலை முறை இதுதான். சாட்சி சொல்லச் சொல்ல அவள் அடிக்க வேண்டும். மேலே ஒரு தாள், நடுவில் கார்பன், கீழே நகலுக்கு ஒரு தாள். மேல்தாள் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும் என்பதால் அது முகாம் கோப்பைவிட்டு நகராது, தலைமையகத்துக்குப் போவது நகல் மட்டும். இரண்டிலும் மேஜர் கையெழுத்து, முத்திரை. மாலையில் எல்லாத் தாளையும் அடுக்கி, கையெழுத்து விழ வேண்டிய மூலைகளை மட்டும் விசிறிபோல விரித்து அவள் நீட்டுவாள். மேஜர் சரசரவென்று போட்டுக்கொண்டே போவார்.

பதினோராவது சாட்சி கிரேன்காரர். வீட்டில் அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. 'ஊரெல்லாம் போய்ச் சொல்லுது. அதிகமாப் பார்த்தவன் நான்தான், படுத்த வாக்குல முதல் நிமிஷத்துல இருந்து பார்த்திருக்கேன்' என்று கிளம்பி வந்துவிட்டார். கிடங்கு வாசலில் அவர் தலை தெரிந்ததுமே அவளுக்குக் கை ஓடவில்லை. புருஷன் தன் காலால் நடந்து, தான் வேலைசெய்கிற இடத்துக்கு வருகிறார். ஆறு வருஷத்தில் அவள் கற்பனைகூடப் பண்ணாத காட்சி. பெருமையா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. தாள், கார்பன், தாள் என்று எதையோ எப்படியோ செருகி உருட்டினாள்.

"தொழில்?" என்றார் மேஜர்.

"கிரேன் ஓட்டுறதுங்க. ஆறு வருஷமா படுக்கை."

"இங்க எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். நல்ல வெயில், வழியில ரெண்டு பேர்கிட்ட நின்னு பேசிட்டு வந்தேன்."

மேஜர் அவர் காலைப் பார்த்தார். பிறகு தன் காலை மேஜைக்கு அடியில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். அது எப்போது வந்தது, எந்தப் பக்கம் பார்த்து நின்றது, புகை வந்ததா, மணம் வந்ததா என்று வழக்கமாகக் கேட்கிறதையெல்லாம் கேட்டார். கடைசியாகக் கேட்டது மட்டும் கேள்விப் பட்டியலில் இல்லாதது.

"அது போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"போகாதுங்க."

"போயிட்டா?"

கிரேன்காரர் தொப்பி கழற்றுகிறவர் மாதிரி தலையைத் தடவிக்கொண்டார். "போனா மறுபடி ஜன்னலோரம்தான். கட்டிலை இன்னும் மடக்கலைங்க, அங்கேயேதான் கிடக்கு." மனைவி பக்கம் திரும்பாமலே, "இதையும் அடிக்கணுமா, வேண்டாமா?" என்றார். "அடிச்சாச்சு" என்றாள் அவள், முதல் தடவையாகக் குரல் உடைந்து.

நாலு நாள் கழித்துத் தலைமையகத்திலிருந்து பட்டியல் வந்தது. சாட்சி பத்து: வட்ட வடிவம் என்கிறார். சாட்சி பன்னிரண்டு: முட்டை வடிவம் என்கிறார். சாட்சி பதினொன்று: எதையும் காணவில்லை. அவள் கோப்பைத் திறந்து பதினோராவது தாளை எடுத்துத் திருப்பினாள். முதுகுப் பக்கம் முழுக்க எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறி. விஷயம் இவ்வளவுதான்: கார்பனின் மைப்பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்க்க வைத்தால் எழுத்து நகலில் இறங்காது, மேல்தாளின் முதுகிலேயே ஒட்டிக்கொள்ளும், நகல் வெள்ளையாகவே கிடக்கும். டைப் பழகுகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. இரண்டாவது வாரத்தில் யாரும் செய்வதில்லை. ஆனால் தலைமையகத்தில் அந்த வெள்ளைத்தாளைப் பார்த்து யாரும் திகைக்கவில்லை. கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, எண் இருக்கிறது, எனவே அது வாக்குமூலம். அதில் ஒன்றும் இல்லை, எனவே சாட்சி ஒன்றும் பார்க்கவில்லை.

அதே தபாலில் இன்னொரு உத்தரவும் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இறுதி அறிக்கை, ராடார் தாளோடு சேர்த்துப் பார்த்து முடிவு. இறுதி அறிக்கையை மட்டும்தான் மேலே படிப்பார்கள், சாட்சி வாக்குமூலமெல்லாம் எடைக்குப் போடத்தான். குடியிருப்புக்கு மேலே அடையாளம் தெரியாத பொருள் நின்றால் அகற்றியே ஆகவேண்டும் என்பது இருபத்தொன்பதாம் விதி. புதன்கிழமையே மூன்று பீரங்கி லாரிகள் வந்து பள்ளி மைதானத்தில் நின்றன. பிள்ளைகள் வேலியோரம் நின்று குழாயின் நீளத்தைப் பற்றிப் பந்தயம் கட்டினார்கள். பெரியவர்கள் பாத்திரம் பண்டத்தைக் கட்டவா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டது வெளியே போகாது என்று போட்ட கையெழுத்து அத்தோடு போயிற்று. கிரேன்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆக, அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் நான் வாயே தொறக்கலை."

"நடக்கவும் இல்லை."

"நீ தப்பு விட்டுட்டியே, ஆபீஸரம்மா. பத்தொன்பது வருஷம்! ஊர்ல சொன்னா நம்ப மாட்டான்."

"இன்னொண்ணும் விடலாம்னு பார்க்கிறேன்" என்றாள் அவள்.

அவர் சிரிப்பு நின்றது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து கட்டில்வரை நாலு எட்டு நடந்து, திரும்பி நாலு எட்டு நடந்தார். நடக்க முடிகிறவர்கள் யோசிக்கிற விதம் அது, அவருக்கு மறுபடி வாய்த்திருந்தது. "வேண்டாம்டி. பிடிச்சா வேலை மட்டும் இல்ல, உள்ள தூக்கிப் போட்டுருவான். எனக்காகப் பண்ணாத. கட்டில்ல இருந்து எனக்குப் பழக்கம்தான், ஜன்னல் இருக்கு, லாரி வரும் போகும்."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? எனக்கு டீ போட ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். குழாயைத் திறந்த சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேஜர் இறுதி அறிக்கையைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பக்கம். நல்ல அறிக்கை அது. அளவு, உயரம், கனம் குறைகிற கணக்கு, எண்பது வீடுகள், தலைமையாசிரியரின் மாடிப்படி, பால் பொங்குகிற உயரம்வரை ஒன்றையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. அவள் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மேல்தாளை எடுத்து விளிம்பு தட்டினாள். கார்பனை எடுத்து, மைப்பக்கம் மேலே பார்க்க வைத்தாள். வெள்ளைத்தாளை அடியில் வைத்தாள். உருட்டினாள். காது மட்டும் சூடாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் மேஜர் நின்றார். வெளியே மைதானத்தில் லாரி எஞ்சினை முடுக்கிப் பார்க்கிற சத்தம் வந்தது.

"இருபத்தொன்பதாம் விதிப்படி மேற்படிப் பொருளை அகற்றலாம்" என்று சொல்லிவிட்டு, "எழுத எனக்கு வேற வரி கொடுக்கலைம்மா" என்றார். அதையும் அடிக்க வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.

தாள்களை உருவி, கார்பனைப் பிரித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு, மூலைகளை விசிறிபோல விரித்து எழுந்தாள். வழக்கமாக அவள்தான் கோட்டைத் தாண்டிப் போவாள். அன்றைக்கு மேஜர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, விந்தி விந்தி வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் நின்று, பிறகு தாண்டினார். முதலில் இடது கால், அப்புறம் வலது. லெப்டினன்ட் தராசைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மேஜரின் தோள் இறங்கியது. பல வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்த தாடை தளர்ந்தது. வலது காலில் முழுசாக ஊன்றிப் பார்த்தார். எடுத்து மறுபடி ஊன்றினார். இரவல் வாங்கிய பொருளைத் தொட்டுப் பார்க்கிறவர்போல அத்தனை பதவிசாக.

பிறகு அவள் கையிலிருந்த தாள்களை வாங்கினார். வழக்கம்போல மூலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. நகலை முழுசாக உருவி எடுத்துக் கண்ணெதிரே பிடித்தார். வெள்ளை. அவளுக்குக் கட்டில் கண்முன் வந்தது, ஜன்னல் வந்தது. அவர் கட்டைவிரலைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து கீழே மெல்லத் தடவினார். மெஷின் எழுத்து ஓங்கி விழுந்த இடமெல்லாம் தாளில் குழி இருக்குமே, மை இல்லாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். இரண்டு பக்கத்தையும் அப்படியே தடவி வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. அது நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவளுக்கு மட்டும் அந்த ஒரு நிமிஷத்தில் தலையில் நாலு முடி நரைத்தது. யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம், நெற்றிக்கு மேலே வலது பக்கம் இன்னும் இருக்கிறது.

"நீட்டா அடிச்சிருக்கீங்க" என்றார் மேஜர். பேனாவைத் திறந்து மேல்தாளிலும் நகலிலும் கையெழுத்துப் போட்டார், முத்திரையை ஊதி ஓங்கிக் குத்தினார். மேல்தாளைத் திருப்பிப் பார்க்காமலே கோப்பில் செருகிக் கயிறு கட்டினார். இரட்டை முடிச்சு. "லெப்டினன்ட், கவரை ஒட்டுங்க. உள்ள எத்தனை பக்கம்?"

லெப்டினன்ட் வெள்ளைத்தாளைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார், தன் காலுக்குக் கீழே ஓடிய கோட்டைப் பார்த்தார். "ரெண்டு பக்கம் சார்" என்று சொல்லி எச்சில் தொட்டு ஒட்டினார்.

ஆறாம் நாள் பதில் வந்தது. ராடாரும் இறுதி அறிக்கையும் முழுமையாக ஒத்துப்போகின்றன, வானத்தில் ஒன்றுமில்லை, இல்லாததன்மேல் குண்டு செலவழிக்க விதியில் இடமில்லை, முகாமைக் கலைக்கவும் என்று. பீரங்கி லாரிகள் மைதானத்தில் பள்ளம் விழுந்த இடத்தை மூடிவிட்டுக் கிளம்பின. தெரு முழுக்க வாசலுக்கு வந்து கையசைத்தது. தலைமையாசிரியர் மாடியில் நின்று கைதட்டினார், தட்டிய வேகத்தில் இரண்டு அங்குலம் எழும்பி இறங்கினார். சிலிண்டர்காரர் கைக்கு இரண்டாக நாலு சிலிண்டரைத் தூக்கிக் காட்டினார், காலிதான், ஆனாலும் சந்தோஷத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. மேஜர் போகுமுன் முப்பத்திரண்டாம் வீட்டுக்கு வந்து நின்றபடியே ஒரு டீ குடித்தார். உட்காரச் சொன்னதற்கு, "வேண்டாம், நிக்கிறதே நல்லா இருக்கு" என்றார். கிரேன்காரரும் நின்றபடியேதான் குடித்தார். இரண்டு ஆம்பிளைகளும் நாற்காலியை முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் வருஷங்கள் ஓடின. வரைபடம் போடுகிற இலாகா அந்த இடத்தை வெறும் வானம் என்றே குறித்துவைத்திருக்கிறது, விமானங்கள் மட்டும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. சுண்ணாம்புக் கோடு மழையில் அழிந்து அழிந்து போனதால் நகராட்சி மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடுத்தது. காரணம் என்ற கட்டத்தில் 'அழகுக்காக' என்று தட்டச்சு செய்தவள் அவள்தான், அந்தத் தாளில் கார்பன் சரியாகவே இருந்தது. லெப்டினன்ட் பெரிய பதவிக்குப் போய்விட்டார், வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வந்து கோட்டின்மேல் நின்று குதித்துவிட்டுப் போவார். மேஜர் ஓய்வுபெற்ற அடுத்த மாதமே ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து மூன்றாம் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்தார். சாயங்காலங்களில் கிரேன்காரரும் அவரும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடப்பார்கள், யார் முதலில் களைக்கிறார்கள் என்று பார்க்க. இதுவரை யாரும் களைக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலை மடித்துப் பரணில் ஏற்றியாயிற்று, ஏற்றியவர் கிரேன்காரர், ஒரே கையால். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் இரண்டு விஷயம்தான் சொல்வார்கள்: தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும், துணிக்குக் கிளிப் இரண்டு போடுங்கள், ஒன்று போட்டால் நிற்காது.

டைப்பிஸ்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. தினமும் அஞ்சரை மணி பேருந்தில் வந்து இறங்கி, காய்கறிப் பையும் கைப்பையுமாகக் குப்பைத்தொட்டிவரைக்கும் மூச்சு வாங்க நடந்து வருவாள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிரேன்காரர் நின்றுகொண்டிருப்பார், செருப்பு நுனி கோட்டைத் தொடாமல், ஒரு விரற்கடை விட்டு.

"என்ன, இன்னைக்குப் பை ரொம்ப கனமா இருக்கும் போலருக்கே."

"ஆமாங்க, கையே போச்சு."

"அங்கேயே நின்னா அப்படித்தான் இருக்கும். இங்க வா."

அவள் தாண்டி வருவாள். அவர் பையை வாங்கிக்கொள்வார். மேலே அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்காமல் வீட்டுக்கு நடப்பார்கள், டீக்குப் பால் இருக்கிறதா இல்லையா என்று பேசிக்கொண்டே.